பழைய மகிழுந்தும் சிக்கனப் பராமரிப்பும்

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெரோடுவா நிறுவனத்தின் முதல் மகிழுந்து மலேசியச் சாலைகளில் ஓடத் தொடங்கியது. அதற்குக் 'கஞ்சில்' என்று பெயரிட்டார்கள். மலாய் நாட்டுப்புறக் கதைகளில் தன் அறிவாற்றலால் பெரிய விலங்குகளையும் வெல்லும் சருகுமானின் பெயர் அது. 660 சி.சி. இயந்திரம் கொண்ட அந்தச் சிறிய வாகனம், அதுவரை மோட்டார் சைக்கிளில் மழையில் நனைந்து சென்ற பல குடும்பங்களுக்கு முதல் மகிழுந்தாக அமைந்தது. 2005ஆம் ஆண்டில் அதே நிறுவனத்தின் மைவி வெளிவந்தது. 2009ஆம் ஆண்டில் கஞ்சில் தயாரிப்பு நின்றுபோனது. ஆயினும், அவ்வாண்டுகளில் வாங்கப்பட்ட கஞ்சில்களையும் மைவிகளையும் இன்றும் நகரத்திலும் தோட்டப்புறத்திலும் காணலாம்.

இத்தகைய மகிழுந்துகள் பல 200,000 கிலோமீட்டரைக் கடந்தவை. அது பூமியின் நடுக்கோட்டை ஐந்து முறை சுற்றிவரும் தூரத்திற்குச் சமம். இவ்வளவு தூரம் ஓடிய வாகனத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவது சரியா? அதற்குச் செலவு செய்வது வீணா? பல குடும்பங்களில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. பேருந்து வசதி குறைந்த இடத்தில் வசித்து, இரவு வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு மகிழுந்து ஆடம்பரப் பொருளன்று. அது நடுவழியில் நின்றால் ஒரு நாள் ஊதியம் போகும். பிரேக் பிடிக்காவிட்டால் உயிரே போகலாம். எனவே, பழைய மகிழுந்தைப் பாதுகாப்பாகவும் சிக்கனமாகவும் பராமரிக்கும் முறையை அறிந்திருப்பது பயனுள்ளது.

மூன்று வகைத் தேய்மானம்

மகிழுந்தின் எல்லாப் பாகங்களும் ஒரே முறையில் தேய்வதில்லை. முதலாவது, தூரத்தால் ஏற்படும் தேய்மானம். இயந்திர எண்ணெய், தீப்பொறிச் செருகி, பிரேக் பட்டை, டயர் ஆகியவை ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பத் தேய்கின்றன. இரண்டாவது, காலத்தால் ஏற்படும் தேய்மானம். ரப்பர்க் குழாய்கள், மின்கலம், பிரேக் எண்ணெய் போன்றவை வாகனம் ஓடாமல் நின்றாலும் கெட்டுப்போகும். மலேசியாவின் வெப்பம் இதனை மேலும் விரைவுபடுத்துகிறது. மூன்றாவது, பயன்படுத்தும் முறையால் ஏற்படும் தேய்மானம். அளவுக்கு மீறிய சுமை, பள்ளங்களில் வேகமாக ஓட்டுதல், திடீர் திடீரென்று பிரேக் அழுத்துதல் ஆகியவை வாகனத்தின் ஆயுளைக் குறைக்கும்.

இவ்வேறுபாட்டை அறியாததால் சிலர் தவறான முடிவுக்கு வருகின்றனர். "நான் மாதத்திற்கு 300 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன், இப்பொழுது சேவைக்கு அனுப்பத் தேவையில்லை" என்பது அவற்றுள் ஒன்று. தூரம் குறைவாக இருந்தாலும் காலம் கடந்துவிட்டது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். இதனால்தான் வாகனத்தின் கையேடு பராமரிப்புக் காலத்தைக் கிலோமீட்டரிலும் மாதத்திலும் சேர்த்தே குறிப்பிடுகிறது. இவ்விரண்டில் எது முதலில் வருகிறதோ அதனைப் பின்பற்ற வேண்டும்.

சிறு கசிவு, பெருஞ்செலவு

பழைய மகிழுந்தில் பெருஞ்செலவு பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. கவனிக்கப்படாத சிறு பழுதே படிப்படியாக வளர்ந்து பெருஞ்செலவாகிறது. குளிர்விப்பு முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இயந்திரத்தினுள் எரிபொருள் எரியும்போது பெரும் வெப்பம் உண்டாகிறது. குளிர்விப்பு நீர் இயந்திரத்தினுள் பாய்ந்து அவ்வெப்பத்தை எடுத்துச் சென்று ரேடியேட்டரில் வெளியேற்றுகிறது. ரேடியேட்டரின் ரப்பர்க் குழாயில் சிறு வெடிப்பு ஏற்பட்டால் நீர் சொட்டுச் சொட்டாகக் கசியும். நீர் குறையக் குறைய இயந்திரத்தின் வெப்பம் உயரும். அதனைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், இயந்திரத்தின் மேற்பகுதியாகிய சிலிண்டர் தலை வளைந்துவிடும். அதற்கு அடியில் உள்ள அடைப்புத் தகடும் சேதமடையும். குழாயை மாற்றச் சில பத்து ரிங்கிட் போதும். சிலிண்டர் தலையைப் பழுதுபார்க்கும் செலவோ ஆயிரத்தைத் தாண்டக்கூடும். 'முளையிலே கிள்ளாததைக் கோடரி கொண்டு வெட்ட வேண்டும்' என்னும் முதுமொழி இதற்கு முற்றிலும் பொருந்தும்.

எனவே, வெப்பமானியின் முள் வழக்கத்தைவிட மேலே ஏறினால், வாகனத்தைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இயந்திரத்தை அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் பீறிட்டு முகத்திலும் கையிலும் கடுமையான காயத்தை ஏற்படுத்தும். மேலும், குழாய் நீரையே தொடர்ந்து ஊற்றி வருவதும் தவறு. குளிர்விப்புத் திரவத்தில் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. வெறும் நீர் அவ்வேலையைச் செய்வதில்லை.

டைமிங் பெல்ட்டும் இத்தகையதே. கஞ்சில் போன்ற மகிழுந்துகளில், இயந்திரத்தின் அசைவுகளை ஒழுங்குபடுத்த ரப்பரால் ஆன பெல்ட் பயன்படுத்தப்படுகிறது. முதல் தலைமுறை மைவி போன்றவற்றில் அதற்குப் பதிலாகச் சங்கிலி உள்ளது. ரப்பர் பெல்ட் முன்னறிவிப்பின்றி அறுந்துவிடலாம். அப்போது வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். சில வகை இயந்திரங்களில் உட்பாகங்களும் வளைந்துவிடும். ஆகவே, கையேட்டில் கூறிய தூரத்தில் அதனை மாற்றிவிடுவதே சிக்கனம். பழைய வாகனத்தை வாங்கியவர், பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லையெனில், மாற்றப்படவில்லை என்றே கருதிச் செயல்பட வேண்டும்.

வாரம் பத்து நிமிடம்

சில சோதனைகளுக்குப் பட்டறைக்குச் செல்லத் தேவையில்லை. வாரம் ஒரு முறை, இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், சமதரையில் வாகனத்தை நிறுத்திப் பத்து நிமிடம் செலவிட்டால் போதும்.

முதலில், வாகனம் இரவெல்லாம் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். தரையில் தெளிந்த நீர் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் குளிர்சாதனத்திலிருந்து வடிந்த நீராகும். கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெய்க் கசிவு. பச்சை அல்லது சிவப்பு நிறம் கலந்த நீராக இருந்தால் குளிர்விப்புத் திரவக் கசிவாக இருக்கலாம்.

அடுத்து, எண்ணெய் அளவுக்கோலை உருவித் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் இரண்டு குறிகளுக்கு இடையில் இருக்க வேண்டும். பழைய இயந்திரங்கள் சிறிதளவு எண்ணெயைக் குடிப்பது உண்டு. எனவே, அடுத்த சேவை வரும்வரை காத்திராமல் குறையும்போதே ஊற்ற வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பியைப் போல வெளுத்துக் காணப்பட்டால், அதில் நீர் கலந்திருக்கக்கூடும். உடனே பட்டறைக்குத் தெரிவிக்க வேண்டிய அறிகுறி அது.

பின்னர், டயர்களைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில் காற்றழுத்த அளவு குறிக்கப்பட்டிருக்கும். பெட்ரோல் நிலையத்தில் அந்த அளவுக்குக் காற்றடிக்கலாம். காற்றுக் குறைந்தால் டயரும் விரைவில் தேயும். பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகும். டயரின் பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் உள்ளன. தேய்ந்த டயரின் மேற்பரப்பு அம்மேட்டின் அளவுக்கு இறங்கிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது என்று பொருள். அத்தகைய டயர் மழைநீரை வெளியேற்றாது. ஈரச்சாலையில் வாகனம் வழுக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரிக்கப்பட்ட காலத்தைக் காட்டும். '2319' என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டதாகும். மலிவு விலையில் டயர் வாங்குவோர் இந்த எண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இறுதியாக, ஒருவர் பிரேக்கை அழுத்த, மற்றொருவர் பின்னால் நின்று விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்கலாம். வீட்டிலுள்ள மாணவர்களும் இப்பணியில் உதவலாம்.

எதற்கு முன்னுரிமை?

பட்டறையில் பழைய மகிழுந்தைச் சோதித்தால் நீண்ட பட்டியல் வருவது இயல்பு. அதனைக் கண்டு மலைத்துப்போய் ஒன்றையும் செய்யாமல் விடுவதும் தவறு. கடன் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்வதும் தவறு. பழுதுகளை நான்கு படிகளாகப் பிரித்துக்கொண்டால் தெளிவு பிறக்கும். முதற்படி, உயிருக்கு ஆபத்தானவை: பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்குகள். இரண்டாம் படி, பிற பாகங்களையும் கெடுப்பவை: நீர்க்கசிவு, எண்ணெய்க் கசிவு, டைமிங் பெல்ட். மூன்றாம் படி, வசதி தொடர்பானவை: குளிர்சாதனம், வானொலி. நான்காம் படி, தோற்றம் தொடர்பானவை: கீறல், மங்கிய வண்ணம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு குடும்பத்தின் மகிழுந்துக்குப் பட்டறையில் 1,900 ரிங்கிட் மதிப்பீடு தருவதாக வைத்துக்கொள்வோம். பிரேக் வேலைக்கு 180 ரிங்கிட்; முன்டயர் இரண்டிற்கு 320; கசியும் ரேடியேட்டருக்கு 350; அதிர்வுதாங்கிகள் நான்கிற்கு 600; குளிர்சாதனத்திற்கு 300; வண்ணம் பூச 150. இதில் பிரேக், டயர், ரேடியேட்டர் ஆகியவற்றைக் காலந்தாழ்த்தக் கூடாது. அவற்றின் மொத்தச் செலவு 850 ரிங்கிட். அதிர்வுதாங்கிகளைச் சோதித்தபோது முன்பக்கத்தில் உள்ள இரண்டு மட்டுமே எண்ணெய் கசிந்து பழுதாகியிருந்தால், அவற்றை இணையாக 300 ரிங்கிட்டுக்கு அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றலாம். பின்பக்க அதிர்வுதாங்கிகள், குளிர்சாதனம், வண்ணம் ஆகியவற்றிற்கான 750 ரிங்கிட்டைச் சேமித்துப் பிறகு முடிவு செய்யலாம். வாகனத்தின் பாதுகாப்பு குறையவில்லை. குடும்பத்தின் கையிருப்பும் கரையவில்லை.

உதிரிபாகமும் பட்டறையும்

ஒரே உதிரிபாகம் பல விலைகளில் கிடைக்கும். வாகன நிறுவனத்தின் முத்திரையுடன் வருவது ஒரு வகை. அந்நிறுவனத்துக்குப் பாகம் செய்து தரும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது மற்றொரு வகை. இது பெரும்பாலும் தரத்தில் நெருங்கியும் விலையில் குறைந்தும் இருக்கும். பிற நிறுவனங்கள் செய்யும் மாற்றுப் பாகங்களும், பழைய வாகனங்களிலிருந்து கழற்றி விற்கப்படும் பாகங்களும் உண்டு. கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி, இருக்கை முதலியவற்றைப் பழைய பொருளாக வாங்குவதில் தவறில்லை. ஆனால் பிரேக் பட்டை, டைமிங் பெல்ட், ரப்பர்க் குழாய் போன்றவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். அவற்றில் மிச்சம் பிடிப்பது சிக்கனமாகாது, கஞ்சத்தனமாகிவிடும்.

பட்டறையில் கேள்வி கேட்பதற்குத் தயங்கக் கூடாது. "எந்தப் பாகம் பழுது? எப்படிக் கண்டறிந்தீர்கள்? பாகத்திற்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு?" என்று பணிவாகக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. பெரிய வேலையாக இருந்தால் மற்றொரு பட்டறையிலும் மதிப்பீடு பெறலாம். காரணத்தைக் கண்டறியாமல் ஊகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றுவதே அதிகப் பணத்தை விழுங்கும். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி கேட்பதும் நல்ல பழக்கம். ஒரே இடத்தில் கழற்றி மாட்ட வேண்டிய வேலைகளைச் சேர்த்துச் செய்தால் கூலி மிச்சமாகும். பல மகிழுந்துகளில் டைமிங் பெல்ட்டை மாற்றும்போதே நீரேற்றியையும் மாற்றுவது இதனால்தான்.

நேர்மையும் திறமையும் உள்ள மெக்கானிக்கைக் கண்டுகொண்டால், அவரிடமே தொடர்ந்து செல்வது நன்று. நோயாளியின் வரலாற்றை அறிந்த குடும்ப மருத்துவரைப் போல, அவர் அவ்வாகனத்தின் பலவீனங்களை அறிந்திருப்பார்.

கணக்கு எழுதினால் கண் திறக்கும்

வாகனத்தில் ஒரு சிறிய குறிப்பேடு இருப்பது அவசியம். தேதி, ஓடிய தூரம், செய்த வேலை, மாற்றிய பாகம், செலவு ஆகிய ஐந்தையும் அதில் எழுத வேண்டும். பெட்ரோல் கணக்கும் பயன் தரும். 25 லிட்டரில் 350 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஆகும். அதே சாலையில், அதே ஓட்டுநரிடம் அது 11 ஆகக் குறைந்தால், வாகனம் எதையோ சொல்ல முயல்கிறது. டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். தீப்பொறிச் செருகி தேய்ந்திருக்கலாம். பிரேக் சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

காப்புறுதியிலும் கணக்குத் தேவை. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராத தனியார் மகிழுந்து உரிமையாளருக்குக் கட்டணத்தில் 55 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கும். கட்டணம் 800 ரிங்கிட் என்றால், அவர் செலுத்துவது 360 ரிங்கிட் மட்டுமே. 300 ரிங்கிட் மதிப்புள்ள சிறு நசுங்கலுக்காகத் தம் காப்புறுதியில் இழப்பீடு கோரினால், அத்தள்ளுபடியை இழந்து அடுத்த ஆண்டிலேயே 440 ரிங்கிட் கூடுதலாகச் செலுத்த நேரிடும். கணக்குப் பார்ப்பவரே உண்மையான சிக்கனத்தை அறிவார்.

எப்போது விடைகொடுப்பது?

"இந்த மகிழுந்தின் விலையே 4,000 ரிங்கிட்தான்; இதற்கு 2,000 ரிங்கிட் செலவு செய்வதா?" என்று சிலர் கேட்பதுண்டு. இக்கேள்வியில் ஒரு பகுதி மட்டுமே உண்மை. செலவை வாகனத்தின் விலையோடு மட்டும் ஒப்பிடாமல், மாற்று வழியின் செலவோடும் ஒப்பிட வேண்டும். புதிய மகிழுந்துக்கு மாதம் 500 ரிங்கிட் வீதம் ஒன்பது ஆண்டுகள் தவணை கட்டினால், மொத்தம் 54,000 ரிங்கிட் ஆகும். ஆண்டுக்கு 6,000 ரிங்கிட். பழைய மகிழுந்துக்கு ஆண்டில் 3,000 ரிங்கிட் செலவானாலும் அது தவணையில் பாதிதான். அந்த மிச்சத்தில் மாதம் 100 ரிங்கிட்டைத் தனியே ஒதுக்கினால், திடீர்ப் பழுதுக்குக் கடன் வாங்க வேண்டியிராது.

ஆயினும், எல்லா மகிழுந்துகளையும் எக்காலமும் காப்பாற்ற முடியாது. அடிச்சட்டமும் தாங்கும் பகுதிகளும் துருப்பிடித்து உளுத்துப்போதல், பழுதுபார்த்த பின்னும் இயந்திரம் மீண்டும் மீண்டும் கொதித்தல், தேவையான உதிரிபாகம் கிடைக்காமை ஆகியவை விடைகொடுக்கும் நேரத்தை உணர்த்துபவை. மேலும், பராமரிப்பினால் ஒரு வாகனத்தை அதன் பழைய நல்ல நிலைக்குக் கொண்டுவரலாமே தவிர, அதில் இல்லாததைச் சேர்க்க இயலாது. பழைய சிறிய மகிழுந்துகள் பலவற்றில் காற்றுப்பைகள் இல்லை. எனவே, அவற்றில் பயணம் செய்வோர் வேகத்தைக் குறைத்து, அளவான சுமையுடன், இருக்கைப்பட்டை அணிந்து செல்வது மிக முக்கியம். பின்னிருக்கையில் அமர்வோரும் இருக்கைப்பட்டை அணிவது 2009ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் மலேசியாவில் கட்டாயமாகும்.

தீபாவளி, நோன்புப் பெருநாள் போன்ற பண்டிகைக் காலங்களில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையின் அவசரத் தடத்தில் வாகனங்கள் பழுதாகி நிற்பதைக் காணலாம். புறப்படும் நாளுக்கு முதல் நாள் இரவில் பட்டறையைத் தேடுவதைவிட, இரண்டு வாரத்திற்கு முன்பே சோதித்துக்கொள்வது அறிவுடைமை. கேமரன் மலை போன்ற இடங்களுக்குச் செல்வோர் பிரேக் எண்ணெயையும் கவனிக்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த பிரேக் எண்ணெய், நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் அழுத்தும்போது கொதித்துவிடும்; அப்போது பிரேக் பிடிக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனை மாற்றுவதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் ஓட்டுவதும் அந்த ஆபத்தைத் தவிர்க்கும்.

பழைய மகிழுந்தைப் பேணுவதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது, குறிப்பேட்டில் எழுதுவது, உரிய நேரத்தில் செலவு செய்வது ஆகிய நான்கு பழக்கங்களே போதுமானவை. செலவே செய்யாமல் இருப்பது சிக்கனமன்று. செய்ய வேண்டிய செலவைச் செய்ய வேண்டிய நேரத்தில் செய்வதே சிக்கனம். இப்பழக்கம் கைவந்தவர்கள் வீட்டின் மின்விசிறியையும் மிதிவண்டியையும் தம் உடல்நலத்தையும்கூட இதே முறையில் பேணிக்கொள்வார்கள்.